பிரிண்டருக்கு வைத்த மூன்றாவது பொட்டு

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். கேஸை மூடி வீட்டைப் பூட்டிக் கிளம்பினால், அபிராமபுரம் முனையைத் தாண்டுவதற்குள் இரண்டு முறையாவது திரும்பி வந்து பார்ப்பேன். அப்படிப்பட்டவள் போன ஆயுதபூஜைக்கு என்ன செய்திருப்பேன் என்று நீங்களே நினைத்துப் பார்க்கலாம். தையல் மெஷினுக்கு ஒரு பொட்டு, கத்தரிக்கோலுக்கு ஒன்று, இஸ்திரிப் பெட்டிக்கு ஒன்று, கணவரின் ஆட்டோவுக்கு மாலையோடு ஒன்று. பிரிண்டருக்கு மட்டும் மூன்று.

காரணம் இருந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாற்பத்து நான்கு வயதில், பத்தாவது எழுதத் தனித்தேர்வராக விண்ணப்பம் போட்டிருந்தேன். போட்டுக் கொடுத்தது கோவையில் வேலை பார்க்கும் என் மகள். அவளைத் தவிர யாருக்கும் தெரியாது, கணவருக்குக்கூட. ஃபெயிலானால் சத்தமில்லாமல் ஃபெயிலாகிவிடலாம் பாருங்கள். ப்ளவுஸ் தைத்துக்கொண்டே மடியில் புத்தகத்தை வைத்துப் படிப்பேன். அவர் வருகிற சத்தம் கேட்டால் லைனிங் துணியை மேலே இழுத்துப் போட்டுவிடுவேன்.

ஹால் டிக்கெட் ஒரு வாரம் முன்பே நெட்டில் வந்துவிட்டது. ஆனால் படிப்பு விஷயத்தை விஜயதசமியன்று தொடங்குவதுதானே முறை? அதனால் அன்றைக்குத்தான் பிரிண்ட் எடுப்பது என்று பிடிவாதமாக இருந்தேன். மறுநாள் காலையில் முதல் பரீட்சை.

விஜயதசமி மதியம் கணவர் சாப்பிட்டுப் படுத்ததும், மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பைத் திறந்து பிரிண்ட் கொடுத்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி கொடுத்தேன். சாமியை வேண்டிக்கொண்டு இன்னும் சில தடவை கொடுத்தேன். பிறகுதான் பிரிண்டரைப் பார்த்தேன். அதில் விளக்கே எரியவில்லை.

மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"பட்டனை நல்லா அழுத்தினியாம்மா?"

"கட்டைவிரலே மரத்துப் போச்சுடி."

"அஞ்சு செகண்ட் அப்படியே பிடி."

அவள் சொன்னது ஐந்து. நான் பயத்தில் அறுபது வரை எண்ணினேன். விரலை எடுத்தபோது சந்தன வாசனை வீசியது. நல்ல சகுனம் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிரிண்டர் அசையவில்லை.

"வேற பிளக்ல போட்டுப் பாரு. முதல்ல அதுல கரண்ட் வருதான்னு பாத்துக்கோ."

பிரிண்டரை இடுப்பில் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். கரண்ட் வருகிறதா என்று பார்க்க மிக்ஸியைப் போட்டேன். வந்தது. மூடி போடாத ஜாரிலிருந்து காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னியும் வந்தது. சுவரில், காலண்டரில், என் நெற்றியில்.

"இன்னாமே, வூடு இடிஞ்சி வுயுதா?" கணவர் எழுந்து வந்து நின்றார்.

"பிரிண்டர் ஆன் ஆகல."

"நல்ல நாளும் அதுவுமா உனக்கு இன்னா பிரிண்டு?"

"ஒரு கஸ்டமருக்கு ப்ளவுஸ் டிசைன்."

"எவ அவ, விஜயதசமி அன்னிக்கி டிசைன் கேக்கறவ?"

"அவசரக்காரி."

அவர் லுங்கியை மடித்துக் கட்டினார். "நவுரு. ஆட்டோ இஞ்சினையே கயட்டி மாட்னவன் நானு. இது இன்னா, பிஸ்கோத்து டப்பா."

பழைய ரேடியோவின் ஒயரைப் பிடுங்கி இதில் செருகினார். எரியவில்லை. ஊதினார். மீட்டரைத் தட்டுகிற மாதிரி பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். ஷட்டர் மூடிக் கிடந்தது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, வாசலில் உடைத்த பூசணிக்காய். அதில் வழுக்கி, வாழைக்கன்றைக் கட்டிப்பிடித்துத்தான் நின்றேன். நாளைக்குக் கடைக்காரர் வந்து திறக்கும்போது நான் பரீட்சை ஹாலில் இருக்க வேண்டும். டிக்கெட் இல்லாமல் யார் உள்ளே விடுவார்கள்?

அழாத குறையாக வீட்டுக்கு வந்தேன். கணவர் பிரிண்டரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"ஏம்மே, இதுல பட்டன் எங்க கீது?"

"அதோ, அந்த ஓரத்துல."

"அங்க பட்டன் எங்க கீது? இட்லிதான் கீது."

குனிந்து பார்த்தேன். மூன்றாவது பொட்டு! கரண்ட் அங்கிருந்துதானே கிளம்புகிறது, அதற்கு விசேஷமாக வைப்போம் என்று, பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தைப் பட்டன் மேலேயே தாராளமாக அப்பியிருந்தேன். அது இடுக்கில் இறங்கி, பட்டனை அமுக்கிய நிலையிலேயே பிடித்துக்கொண்டு சிமெண்டாகக் காய்ந்துவிட்டது. அறுபது எண்ணிய நேரமெல்லாம் நான் சந்தனத்தைத்தான் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

"சாமியே கண்ணத் தொறந்தாலும் நீ தொறக்க வுடமாட்ட போலகீதே!" என்று அவர் சுவரில் சாய்ந்தார். எனக்கும் சிரிப்பு பீறிட்டது. போனில் இன்னும் லைனில் இருந்த மகள், "என்னாச்சு? சொல்லிட்டுச் சிரிங்க!" என்று கத்தினாள். சொன்னதும் அவளும் சேர்ந்துகொண்டாள். மூன்று பேரும் மூச்சுவிட முடியாமல் சிரித்தோம்.

பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கியாகிவிட்டதா என்று மூன்று முறை பார்த்துக்கொண்டேன். தையல் மெஷினில் பஞ்சு தட்டுகிற குட்டி பிரஷும் ஒரு மெல்லிய ஊசியும் எடுத்து, சந்தனத்தைத் துளித் துளியாகக் கிளறி எடுத்தேன். ஈரத் துணியால் ஒற்றித் துடைத்து, நன்றாகக் காயவிட்டேன். டொக் என்று பட்டன் வெளியே வந்தது. ஒயரைச் செருகி அழுத்தினேன். பச்சை விளக்கு! கணவர் விசிலடித்தார்.

அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். நான் திரும்பத் திரும்பக் கொடுத்த பிரிண்டெல்லாம் லேப்டாப்பில் வரிசை கட்டிக் காத்திருந்தன. பிரிண்டர் கர்ரென்று உறுமி ஒரு தாளைத் துப்பியது. நான் பாய்வதற்குள் அவர் எடுத்துவிட்டார்.

"இன்னா டிசைன்மே இது? உன் மூஞ்சி கீது."

இரண்டாவது என் மூஞ்சி வந்தது. மூன்றாவது வந்தது. அவர் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. ஏழாவது தாள் விழுந்த பிறகுதான் பிரிண்டர் நின்றது.

"நாளிக்கி எத்தினி மணிக்கு?"

"ஒம்பதுக்கெல்லாம் உள்ள இருக்கணும்."

"எட்டு மணிக்கு வண்டி வாசல்ல நிக்கும். லேட் பண்ண, வெய்ட்டிங் சார்ஜி போட்ருவேன்."

காலையில் போய்ப் பார்த்தால் ஆட்டோ கண்ணாடியில், மாலைக்குப் பக்கத்தில், ஒரு ஹால் டிக்கெட்டை ஒட்டி வைத்திருந்தார்.

"ஐயோ, நம்பரெல்லாம் தெரியுதே! யாராவது பாத்துட்டு என் பரீட்சையைப் போய் எழுதிட்டா?"

"எயுதட்டும்மே. உன்னவிட நல்லா எயுதுனா சரி. ஏறு."

ஆழ்வார்பேட்டை சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, அண்ணி எலக்சன்ல நிக்கறாங்களா?"

"பத்தாவது எயுதப் போறாங்க மச்சி!" சிக்னல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பைக்கில் இருந்த ஒரு பெண் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். நானும் காட்டினேன். சந்தனம் இன்னும் நகக்கண்ணில் இருந்தது.

கேஸை மூடினேனா என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. பச்சை விழுந்துவிட்டது. வண்டியைத் திருப்பச் சொல்லவில்லை.