படியேறி வருகிறவர்களுக்குத் தண்ணீர்

மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பின்னால், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் சூடாமணி மாமி குடியிருந்தார். செங்குத்தான படிகள். ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். ஏறி வந்தவன் வாயைத் திறப்பதற்குள் அவன் கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வந்துவிடும். தபால்காரர், சிலிண்டர் போடுகிறவர், வாடகை ஏற்ற வந்த வீட்டுக்காரர், ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் பாகம் விற்கிற நான், யாராக இருந்தாலும் அதே டம்ளர், அதே பானைத் தண்ணீர். குடித்து முடிக்கும்வரை மாமி ஒன்றும் கேட்கமாட்டார். முதல் தடவை எனக்கு எரிச்சலாக வந்தது. கே.கே. நகரிலிருந்து வேகாத வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு, ஒரு மானிட்டர் விஷயமாகச் சண்டை போடத்தான் போயிருந்தேன். தண்ணீர் உள்ளே இறங்கியதும் சண்டையில் பாதி மறந்துவிட்டது.

மாமியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லைதான். அண்ணா சாலையில் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. விருது வாங்கவில்லை, மேடை ஏறவில்லை. பாதி நேரம் இந்த உலகத்திலேயே இல்லை. ஜன்னல் வழியாகக் குளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார், அடுப்பில் பால் பொங்கி வழியும். பஸ் நிறுத்தத்தில் நிற்பார், அவருடைய பஸ் வந்து, நின்று, போய்விடும். சாயங்காலம் கடல்காற்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், கூப்பிட்டாலும் காதில் விழாது. ஆனால் படியில் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் எங்கே இருந்தாலும் திரும்பி வந்துவிடுவார்.

அதற்குக் காரணத்தை அவரே ஒரு நாள் சொன்னார். அப்பா போன பிறகு, அவருக்குப் பதிலாக மாமிக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள். சின்ன வயது, தாவணியிலிருந்து அப்போதுதான் புடவைக்கு மாறியிருந்தார். முதல் நாள் காலையில் தாழ்வாரத்து பெஞ்சில் உட்காரச் சொன்னவர்கள் அப்படியே மறந்துபோனார்கள். எல்லோரும் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஒருவர்கூட யார் நீ என்று கேட்கவில்லை. “நான் நெஜமாவே இருக்கேனா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துடுத்து,” என்றார். மத்தியானத்துக்கு மேல், கூட்டிப் பெருக்க வந்த வேலம்மா என்கிற அம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். “குடி கண்ணு, மூஞ்சி வாடிப்போயி கீது,” என்றாள். அவ்வளவுதான். அந்தத் தண்ணீரைத்தான் மாமி ஆயுசுக்கும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மாமியின் கணவர் ஸ்ரீரங்கன் சார் தரமணியில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் இன்ஜினியர். மூளையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாயைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். தொண்ணூற்றெட்டில், கம்ப்யூட்டரை இயக்க இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ்மேல் பைத்தியம் பிடித்த சிலர் அவர் வீட்டுக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட ஆரம்பித்தோம். எங்கள் கனவெல்லாம் ‘புன்னை’. கம்ப்யூட்டரில் தமிழ் அடிப்பதற்காக நாங்களே எழுதிக்கொண்டிருந்த மென்பொருள் அது. அதன் மூலநிரலை யாரும் எடுக்கலாம், திருத்தலாம், இன்னொருவருக்குக் கொடுக்கலாம். காசு கிடையாது. சார்தான் அதன் முதுகெலும்பு.

வார நாட்களில் பேசிக்கொள்ள ஒரு மின்மடல் குழு வைத்திருந்தோம். ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போய்ச் சேரும். ஆட்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் மாமியின் பொறுப்பு. வேறு யாருக்கும் அதற்குப் பொறுமை இல்லை என்பதால் அவர் தலையில் கட்டினோம். அலுவலகம் விட்டு வந்து, காபி குடித்துவிட்டு, போன் கம்பியில் இன்டர்நெட்டைப் பிடிக்கிற மோடம் கீச்சிட்டு முனகி ஓய்வதைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு ஒவ்வொரு மடலாகத் திறப்பார். புதிதாக ஒருவர் எழுதினால், அவர் அந்தப் படிகளில் ஏறி வருவது மாமிக்குத் தெரியுமாம். இவர் குடையோடு வருகிறார், இவருக்கு முழங்கால் வலி, இந்தப் பையன் இரண்டிரண்டு படியாகத் தாண்டுகிறான். நான் சிரித்தேன். மாமி சிரிக்கவில்லை.

படியேறி வந்தவர்களை எங்கள் ஆட்கள் எப்படி வரவேற்றார்கள் என்பதுதான் கொடுமை. யாராவது தெரியாத்தனமாக ஒன்று கேட்டுவிட்டால் போதும், ஆளாளுக்குப் பிடித்து வறுத்தெடுப்பார்கள். உலகம் முழுக்க இந்தத் துறையில் அப்படித்தான் என்று அதற்கு ஒரு பெருமை வேறு. வந்தவர்கள் சத்தமில்லாமல் இறங்கிப் போய்விடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமி சமையலறை வாசலில் நின்றபடியே பேச்சை ஆரம்பித்தார்.

“ஆத்துக்கு வந்தவாளுக்கு முதல்ல தண்ணி குடுக்கறோம். நீ எவ்வளவு படிச்சிருக்கேன்னு கேட்டுண்டா குடுக்கறோம்? அங்கேயும் அப்படியே இருக்கட்டுமே.”

அன்றைக்கு வந்ததுதான் எங்கள் சட்டம். புதியவர் எழுதினால் முதலில் அவரை வாங்க என்று சொல்ல வேண்டும், அப்புறம்தான் பதில். யாரையாவது இழிவாக எழுதினால் ஒரு மாதம் குழுவுக்கு வெளியே. திரும்பி வரும்போது, பட்டவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வர வேண்டும். இதென்ன கவர்ன்மென்ட் ஆபீஸா என்று சிலர் முணுமுணுத்தார்கள். முதலில் கை தூக்கி ஆதரித்தவர் ஸ்ரீரங்கன் சார்தான். வாய் நிறைய போண்டாவோடு தூக்கினார். தனக்கும் சேர்த்துத்தான் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

அடுத்த சில மாதங்களில் ஜுவேரியா வந்தாள். தி. நகரில் அவளுடைய மாமா அப்துல் கரீமுக்குக் கல்யாணப் பத்திரிகைக் கடை. எழுத்துகளை அடுக்கி வடிவமைப்பது அவள் வேலை. லினக்ஸையும் புன்னையையும் போட்டு நாங்கள் தெரிந்தவர்களுக்குக் கொடுத்த குறுந்தகடு எங்கோ கைமாறி அவளிடம் போயிருக்கிறது. தமிழெழுத்துக்கு விலை கொடுக்க வேண்டாம் என்றதும் ஆசையாகப் போட்டுப் பார்த்திருக்கிறாள். எழுதினாள்: “பாஸ்வேர்ட் அடிச்சா ஸ்கிரீன்ல ஒண்ணுமே விழல. கீபோர்ட் கெட்டுப்போச்சுன்னு புதுசு வாங்கி மாட்டிட்டேன். அப்பவும் விழல. இன்னா பண்றது?”

அசட்டுக் கேள்விதான், மறுக்கவில்லை. பாஸ்வேர்ட் அடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடக் கூடாது என்று திரை எதையும் காட்டாது. இதற்காக ஒருத்தி புதுக் கீபோர்டே வாங்கிவிட்டாள் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். மனசுக்குள் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். சார் எழுதினார்: “கீபோர்ட் கெடவில்லை. அதற்கு முன்னால் உட்கார்ந்திருப்பதுதான் கெட்டிருக்கிறது. பத்திரிகை அடிக்கிறவர்கள் பத்திரிகை அடிப்பதோடு நிறுத்திக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது.” படித்தவர்கள் ஆகா ஓகோ என்றார்கள். ஜுவேரியாவிடமிருந்து அதற்குப் பிறகு ஒரு எழுத்தும் வரவில்லை.

அன்று சாயங்காலமே மாமி அவளுக்குச் சரியான பதிலை எழுதினார். கூடவே வருத்தமும் தெரிவித்தார். பிறகு கணவருடைய பெயரைக் குழுவிலிருந்து நீக்கினார். நீக்கிவிட்டு அவருக்குத் தோசை வார்த்துப் போட்டார்.

“விளையாட்டுக்குத்தானே எழுதினேன்?” என்றாராம் சார்.

“அவ விளையாடலையேன்னா,” என்றாராம் மாமி.

விஷயம் தெரிந்ததும் குழுவே ஆட்டம் கண்டது. அடுத்த மாதம் நந்தனத்தில் ஒரு கல்லூரியில் கண்காட்சி. புன்னையை முதன்முதலாக ஊர் பார்க்கப் போகிறது. சார் இல்லாமல் எது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சாரும் சும்மா இருக்கவில்லை. தான் எழுதிய பகுதியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விடுவதாக ஆளுக்காள் போன் செய்து சொன்னார். அவரைத் திரும்பச் சேர்க்காவிட்டால் நாங்களும் போகிறோம் என்று பாதிப் பேர் மாமிக்கு எழுதினார்கள். எனக்கும் பொறுக்கவில்லை. நேரே போய் நின்றேன்.

“இன்னா மாமி, இப்டி பண்ட்டீங்க? எக்ஸிபிஷன் வருது. சார் இல்லாம யாரு மிஷின்ல கை வெக்கறது?”

“தண்ணி குடிச்சேளா ஜவஹர்?”

“குடிச்சேன்.”

“அப்போ உக்காருங்கோ.” மாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். குளத்தில் தண்ணீர் கொஞ்சமாகக் கிடந்தது, அதன்மேல் வெயில் சாய்ந்து மஞ்சளாகத் தூங்கிக்கொண்டிருந்தது.  “இந்தக் குழுவுல மட்டும்தான் நான் இன்னாராத்து மாமி இல்ல, சூடாமணி. இது உடைஞ்சு போச்சுன்னா எனக்குத்தான் முதல் நஷ்டம். ஆத்துக்காரரும் என்னோட சரியாப் பேசறதில்லை. பயமாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பொண்ணு பெஞ்சுல உக்காந்துண்டு இருக்காளே, ஜவஹர்.”

 டம்ளரை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் சார் பாடு பரிதாபம். மோடம் கீச்சிட்டால் எட்டிப் பார்ப்பார். “என்ன எழுதியிருக்கா?” என்று கேட்பார். “குழுவுல இருக்கறவாளுக்குத்தான் சொல்லலாம்,” என்று மாமி சொல்லிவிடுவார். கோபத்தில் சாருக்கு ஒரு யோசனை வந்தது. தரமணி அலுவலகத்திலிருந்து சாய்சரண் என்கிற பெயரில் ஒரு முகவரி தொடங்கி, புது ஆளாகக் குழுவில் சேர்ந்தார். ஜுவேரியா கேட்ட அதே கேள்வியை வார்த்தை மாற்றிக் கேட்டார். பாஸ்வேர்ட் அடித்தால் திரையில் ஒன்றும் வரவில்லை, கீபோர்ட் கெட்டுவிட்டதா என்று. எல்லோரும் பாய்ந்து குதறுவார்கள், அதைக் காட்டி, பார், உன் சட்டத்தை ஒருத்தனும் மதிக்கவில்லை என்று பெண்டாட்டியிடம் நிரூபித்துவிடலாம் என்று கணக்கு.

முதலில் மாமியின் இரண்டு வரி வந்தது. “வாங்கோ சாய்சரண். இங்கே எந்தக் கேள்வியும் கேட்கலாம்.” அதற்கடுத்து, சாரின் மடலுக்குப் பிறகு வாயே திறக்காமல் இருந்த ஜுவேரியா எழுதியிருந்தாள்.

“வாங்க அண்ணே. உங்க கீபோர்ட் நல்லாத்தான் கீது. பாஸ்வேர்ட் அடிச்சா ஒண்ணும் தெரியாது, யாரும் பாத்துடக் கூடாதுன்னு அப்டி வெச்சிருக்காங்க. நீங்க பாட்டுக்கு அடிச்சு என்டரைத் தட்டுங்க, உள்ள போயிடும். நானும் இதைத்தான் கேட்டேன். புதுக் கீபோர்ட் மட்டும் வாங்கிடாதீங்க, எனக்கு வீட்ல செம திட்டு. யாராச்சும் இன்னாச்சும் சொன்னா மனசுல வெச்சுக்காதீங்க. நான் கொஞ்ச நாள் வெச்சுக்கினு இருந்தேன், தூக்கமே வரல.”

அன்று சார் எந்த பஸ்ஸில் ஏறினார், எங்கே இறங்கினார் என்று அவருக்கே நினைவில்லையாம். அடையாறு பாலத்தின் மேல் கொஞ்ச தூரம் நடந்ததும், ஆற்று நாற்றத்தோடு கடல்காற்று முகத்தில் அடித்ததும் மட்டும் ஞாபகம் இருக்கிறது என்றார். படியேறி வந்து வாசலில் நின்றார். மாமி டம்ளரை நீட்டினார்.

“சாய்சரண், தண்ணி குடிங்கோ.”

சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எப்படித் தெரியும்?”

“அந்த மெயில் படியேறி வரச்சயே தெரிஞ்சுடுத்து. உங்க செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா?”

என்னால் இதை முழுசாக நம்ப முடியவில்லை. அலுவலக முகவரி ஏதாவது காட்டிக் கொடுத்திருக்கும் என்றுதான் நினைத்தேன். மாமியிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.

தனியாகப் போகிற பேச்சை சார் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. கண்காட்சி நாள் வந்தபோது அந்த ஒரு மாதம் முடிந்திருக்கவில்லை. கொஞ்சம்தானே பாக்கி, விட்டுவிடுங்கள் என்று எல்லோரும் மாமியைக் கெஞ்சினோம். மாமி பதில் சொல்வதற்கு முன்னால் சாரே குறுக்கிட்டார். “இன்னும் முடியலை. நான் உள்ளே வரப்படாது.” எது எங்கே இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு அரங்கத்து வாசலிலேயே நின்றுகொண்டார். அங்கே ஒரு மேஜையில் பானையும் டம்ளர்களும் இருந்தன. வருகிறவர்களுக்கெல்லாம் மொண்டு மொண்டு கொடுத்தார். புன்னையை எழுதியவர் இவர்தான் என்று தெரியாமலே ஊர் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போயிற்று. உள்ளே நாங்கள் உளறிக்கொட்டி எப்படியோ சமாளித்தோம். திரையில் தமிழ் வந்தது.

மத்தியானத்துக்கு மேல், நான் வாசலில் மாமியோடு நின்றிருந்தபோது ஜுவேரியா வந்தாள். மாமிதான் வரச் சொல்லியிருந்தார். அவளை நாங்கள் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. வெயிலில் வந்து களைத்துப்போயிருந்தாள். சார் டம்ளரை நீட்டினார். அவள் குடித்து முடித்து, தான் ஜுவேரியா என்று சொல்லும்வரை காத்திருந்தார். பிறகு, “நான் ஸ்ரீரங்கன்மா. உங்களை அப்படி எழுதினவன். தப்பு, மன்னிச்சுக்கோங்கோ,” என்றார்.  அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

ஜுவேரியா டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். “பரவால்ல சார்,” என்றாள். பரவாயில்லை என்று அவள் முகம் சொல்லவில்லை. பிறகு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “சாய்சரண்னு ஒருத்தர் எழுதினாரே, அவரு வந்திருக்காரா சார்? அவரைப் பாக்கத்தான் வந்தேன். இதுல நான் சொல்லிக்குடுத்த மொத ஆளு அவருதான்,” என்றாள்.

சார் மாமியைத் திரும்பிப் பார்த்தார். மாமி மரத்தடி நிழலைப் பார்த்துக்கொண்டு எங்கேயோ இருந்தார். அங்கிருந்து உதவி வராது என்று சாருக்குப் புரிந்துவிட்டது.

“வந்திருக்கான்மா,” என்றார். “உங்களுக்குத் தண்ணி குடுத்தது அவன்தான்.”

ஜுவேரியா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை காத்து நின்றது. பிறகு டம்ளரை அவர் பக்கம் நீட்டினாள்.

“இன்னும் கொஞ்சம் ஊத்துங்க,” என்றாள்.