பைண்டிங்குக்குப் போன புத்தகம்

அந்தக் கிளை நூலகத்தில் அவளுக்கு ஸ்டாம்பு அக்கா என்று பெயர். வைத்தது பிள்ளைகள். புத்தகத்தின் கடைசித் தாளில் தேதி முத்திரையை அவள் டொம்மென்று குத்தினால், ஜன்னலோரம் நாளிதழை முகத்தில் போட்டுத் தூங்குகிற பென்ஷன்காரர் திடுக்கிட்டு எழுந்து உட்காருவார். பதினெட்டு வருஷ சர்வீஸ். கறார் என்றால் அப்படியொரு கறார். கட்டின புருஷன் கார்டு இல்லாமல் வந்து நின்றபோது, "வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வாங்க, நான் எங்கயும் ஓடிப்போயிட மாட்டேன்" என்று திருப்பி அனுப்பியவள். பதிவேட்டில் ஏறாமல் ஒரு புத்தகம் அந்த வாசலைத் தாண்டியதில்லை. இந்தக் கோடை விடுமுறை வரைக்கும்.

விஷயம் இதுதான். உயர்நிலைப் பள்ளியில் புதிதாகச் சேருகிற பிள்ளைகள் விடுமுறையில் ஒரு சரித்திர நாவலைப் படித்துவிட்டு வர வேண்டும் என்று பள்ளிக்கூடம் சொல்லியிருந்தது. முற்றுகையில் மாட்டிக்கொண்ட ஒரு கோட்டையின் கதை, நானூற்றுச் சொச்சம் பக்கம். திறக்கிற அன்றே அதைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். நன்றாக எழுதுகிற இருபது பேருக்குத்தான் சிறப்பு வகுப்பில் இடம். வசதி படைத்தவர்கள் எங்கெங்கோ சொல்லிவைத்து வாங்கிவிட்டார்கள். நூலகத்தில் இருந்ததோ ஒரே ஒரு பிரதி.

அதைத் தேடிப் பிடித்து மேசைக்குக் கொண்டுவந்தவள் லிஃப்ட் மெக்கானிக்கின் மகள். முதுகு கிழிந்து, நூல் வெளியே தொங்கிக்கொண்டிருந்த புத்தகம். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"கார்டு எங்கம்மா?"

"அய்யோ, மறந்துட்டேன்க்கா. அரை மணி நேரத்துல கொண்டுவந்துடறேன். யாருக்கும் குடுத்துடாதீங்க."

"ஓடு ஓடு. மேசை மேலயே இருக்கும்."

அவள் தெரு முனையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டாள், ஸ்டாம்பு அக்காவின் கைபேசி அடித்தது. மகள். அவளும் அதே பள்ளியில்தான் சேரப்போகிறாள். "அம்மா, எல்லார்கிட்டயும் அந்தப் புக்கு இருக்கு, என்கிட்ட மட்டும்தான் இல்ல. அந்த கிளாஸ் கெடைக்கலன்னா நான் ஸ்கூலுக்கே போகமாட்டேன், பாத்துக்கோ" என்று ஒரே அழுகை. பெற்ற மனசு, என்ன செய்யும்? என்ன செய்யும் என்று கேட்டுக்கொண்டே புத்தகத்தை எடுத்துச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள். பதிவேட்டில் எழுதவில்லை. எழுதினால் சொந்தப் பெயரைத்தானே எழுத வேண்டும்?

மெக்கானிக் மகள் மூச்சிரைக்க வந்து கார்டை நீட்டினாள். மேசை காலி.

"பைண்டிங்குக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா. ரொம்பக் கிழிஞ்சிருந்துச்சுல்ல, அதான். ஒரு வாரத்துல வந்துடும்."

வாய் கூசவே இல்லை. அதுதான் பிற்பாடு அவளுக்கே ஆச்சரியம்.

அந்தப் பெண்ணா விடுகிறவள்? இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து, "வந்துடுச்சாக்கா?" என்று நிற்பாள். முதலில் பசை காயவில்லை. பிறகு இல்லாத பைண்டருக்குக் காய்ச்சல் வந்தது. அப்புறம் அவருடைய மச்சினனுக்குக் கல்யாணம் வந்தது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் அந்த மனுஷனுக்குப் பேரப்பிள்ளையே பிறந்திருக்கும். "பாவம், காய்ச்சல் சரியாயிடுச்சாக்கா அவருக்கு?" என்று ஒருநாள் அவள் விசாரித்தபோது ஸ்டாம்பு அக்காவுக்கு நெஞ்சு குறுகுறுத்தது. தலையை நிமிர்த்தாமலே, "ம்" என்றாள்.

வீட்டிலோ புத்தகத்தின் மேல் நகப்பூச்சு பாட்டில் உட்கார்ந்திருந்தது. முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட். போன மாதமும் அங்கேதான், இந்த மாதமும் அங்கேதான்.

"படியேன்டி, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

"படிக்கிறேம்மா. ஏன் உயிர எடுக்கிற?"

யாருடைய வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டு அந்தப் புத்தகம் அங்கே கிடக்கிறது என்று மகளிடம் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பள்ளி திறக்க நாலு நாள் இருக்கும்போது, இனி தாங்காது என்று அதைப் பிடுங்கிக்கொண்டு வேலைக்கு வந்தாள். மெக்கானிக் மகள் வாசலில் தலை காட்டியதும், "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று தானே கூவி, டொம்மென்று முத்திரை குத்திக் கையில் கொடுத்தாள். அப்பாடா என்றிருந்தது.

அந்தப் பெண் புத்தகத்தைத் திருப்பி அதன் முதுகை ஒரு விரலால் தடவினாள். அதே கிழிசல். தொங்குகிற அதே நூல். பைண்டிங் முடிந்து வந்த புத்தகம்! ஸ்டாம்பு அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு மாதம் பசையும் காய்ச்சலுமாகக் கதை சொன்னவளுக்கு, ஒரு சொட்டுப் பசை தடவத் தோன்றவில்லையே. பெண் பக்கங்களைப் புரட்டினாள். பஸ் டிக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது உள்ள இருந்துச்சுக்கா. தேங்க்ஸ்க்கா."

புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பள்ளி திறந்த அன்று சாயங்காலம் மகள் குதித்துக்கொண்டு வந்தாள். சிறப்பு வகுப்பு கிடைத்துவிட்டது. தோழியிடம் கதையை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு போய் எழுதினாளாம். ஷூவைக் கழற்றிக்கொண்டே, "ஒரு பொண்ணு மட்டும் பாதிதான்மா எழுதினா" என்றாள். "லிஃப்ட் மெக்கானிக் பொண்ணு. ஏன் முழுசாப் படிக்கலன்னு மிஸ் அவள நிக்கவெச்சுக் கேட்டாங்க. லைப்ரரி புக்கு பைண்டிங்குக்குப் போயிருந்துச்சு மிஸ், லைப்ரரி அக்கா எனக்காக தினமும் பைண்டர்கிட்ட கேட்டுப் பாத்தாங்கன்னு சொன்னா. அவளுக்குக் கெடைக்கல." பிறகு, ஒரு ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். "ஏம்மா, அந்தப் புக்கு நம்ம வீட்லதானே இருந்துச்சு?"

ஸ்டாம்பு அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் மெக்கானிக் மகள் வந்தாள். மறக்காமல் கார்டு கொண்டுவந்திருந்தாள்.

"இன்னும் நூறு பக்கம் இருக்குக்கா. ரெண்டு நாள்ல தவணை முடியுது, தேதி நீட்டிச்சுக் குடுங்க."

"அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சேம்மா, இனிமே எதுக்கு?"

"கோட்டை என்னாச்சுன்னு தெரிய வேணாமா?"

ஸ்டாம்பு அக்கா முத்திரையைக் கீழே வைத்தாள். "நான் உன்கிட்டப் பொய் சொன்னேன்மா. அது பைண்டிங்குக்குப் போகவே இல்ல. எங்க வீட்ல, என் பொண்ணுகிட்ட இருந்துச்சு."

"தெரியும்க்கா" என்றாள் அந்தப் பெண். "தேதி குத்துங்க, பஸ் போயிடும்."

அவள் முத்திரை குத்தியும் ஜன்னலோரம் பென்ஷன்காரர் அசையவில்லை. தாளில் தேதி பாதிதான் விழுந்திருந்தது. ஸ்டாம்பு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை குத்தினாள்.