என் சாட்சி செல்லாத இடம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையின் மாடி அறையில் நடந்தது இது. பக்கவாதம் வந்து தேறிய என் மனைவிக்குக் கையும் காலும் சரியாகிவிட்டன; பேச்சு மட்டும் குழறியது. பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டச் சொன்னார்கள். தாலுகா அலுவலகத்தில் முப்பது வருடம், அடுத்தவர் மனுவில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். எல்லா மருத்துவ அறிக்கைகளையும் தேதிவாரியாக அடுக்கி, பக்க எண் போட்டு, ஒரே கோப்பாகக் கொண்டுபோனேன்.

பயிற்சியாளர் இளம்பெண். கோப்பை வாங்கித் திறக்காமலே மேஜையில் வைத்தார். எனக்கு முதல் மனத்தாங்கல்.

ஒரே மூச்சில் 'ஆ' என்று எவ்வளவு நேரம் இழுக்க முடிகிறது என்று ஸ்டாப்வாட்சில் பார்த்தார். 'ப, த, க' என்று வேகமாகத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். மூக்கின் கீழ் சின்னக் கண்ணாடியைப் பிடித்து, பேசும்போது காற்று மூக்கு வழியாக ஒழுகுகிறதா என்று பார்த்தார். மூச்சு, குரல், நாக்கு, உதடு என ஒவ்வொன்றும் தனித்தனியே. முறையான வேலை, குறை சொல்ல இடமில்லை.

பிறகு சாதாரணப் பேச்சு. கேள்வி அவளிடம், பதில் என்னிடமிருந்து. "இவ சொல்லுறது ஒண்ணு விடாம எனக்கு மனசிலாவும்" என்றேன், பெருமையாகத்தான்.

"அதான் சார் சங்கடம். உங்க காது பழகிப்போச்சு, உங்க சாட்சி இதுக்குச் செல்லாது. கொஞ்சம் வெளிய இருக்கியளா?"

முன்பின் தெரியாதவருக்கு எவ்வளவு புரிகிறது என்பதுதான் அளவாம். வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு மனைவியின் குரல் மட்டும் கேட்டது. மெதுவாக, நின்று நின்று. முடித்துவைக்க ஆளில்லை. அவளே முடித்தாள். பிறகு ஒரு சிரிப்பு.

கதவு திறந்தது. "முக்காவாசி மனசிலாச்சு மேடம்" என்ற அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். "அருமனையில இருக்க அக்காட்ட இவிய நேரா போன்ல பேசணுமாம். போன் அடிச்சா நீங்க பிடுங்கிப் பேசுதியளாமே. வீட்டுல பேச ஒரு ஆளு போதும்னு நெனச்சியளா சாரே?"

ஐந்து மாதமாக, உதவி என்று நம்பி அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். மனைவி என்னைப் பார்க்காமல் முந்தானையைச் சரிசெய்தாள். உதட்டோரம் வெற்றி இருந்தது.

அவளுக்கான பயிற்சிகளோடு எனக்கும் ஒன்று தந்தார்கள்: அவள் பேசத் தொடங்கினால் நான் மனதுக்குள் பத்துவரை எண்ண வேண்டும். அவள் தேறியபிறகுதான் நான் தேறினேன். இப்போது அக்காவும் தங்கையும் அரைமணி நேரம் பேசுகிறார்கள். பாதி என்னைப் பற்றிய புகார், அடுத்த அறைவரை தெளிவாகக் கேட்கிறது. என்னை வெளியே அனுப்பிய அந்தப் பெண்ணையும், வேலையை நிறுத்திவிட்டு வந்து காதுகொடுத்த அந்த அம்மாளையும் அப்போதெல்லாம் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். அன்பினாலும் ஒருவர் வாயை அடைத்துவிட முடியும் என்று எனக்குத் தெரிய, அவர்கள் இருவரும் ஒரு சாத்திய கதவும் வேண்டியிருந்தது.