பருத்திக்குன்றத்துப் பட்டுக்காரன்

சொந்த ஊர்ப் பெயரைச் சொல்ல வாய் கூசுகிறவனை நான் மனிதனாகவே மதிப்பதில்லை. எங்கள் திருப்பருத்திக்குன்றத்தில் அப்படி ஒருவன் இருந்தான். பெயர் ராஜவேலு. எஸ்.எஸ்.எல்.சி. படித்துவிட்டுப் பட்டணத்தில் ஒரு கம்பெனியில் டெம்பரவரி குமாஸ்தாவாக இருந்தான்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஒற்றை மாட்டு வண்டியில் ஆரம்பித்து, ஒருத்தன் தயவும் இல்லாமல் சொந்த லாரி வாங்கினேன். எந்தச் சீமானிடமும் ஊர்ப் பெயரை முழுசாகத்தான் சொல்வேன். சைக்கிளை மிதித்தால் வியர்ப்பதற்குள் காஞ்சிபுரம் போய்விடலாம்தான். அதற்காக இந்த ஊர் அந்த ஊராகிவிடுமா? எங்கள் ஜினர் கோயில் விதானத்துச் சித்திரத்தைப் பார்க்க வெள்ளைக்காரன்கூட வந்து அண்ணாந்து நிற்கிறான்.

ராஜவேலுவுக்கு அதெல்லாம் கேவலம். பட்டணத்தில் யார் கேட்டாலும் "காஞ்சிபுரம், காமாட்சியம்மன் கோயில் பக்கம்" என்பான். காஞ்சிபுரம் என்றால் அங்கே அடுத்த பேச்சு பட்டுப்புடவைதான். "எல்லாம் நமக்குத் தெரிஞ்ச தறிதாங்க" என்று இளிப்பான். தறியை இவன் தெருவில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

எழுபத்தொன்றில் அந்தக் கம்பெனியில் ஒரு டெம்பரவரி ஆளை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. போட்டிக்கு இருந்தது இரண்டு பேர். இவன் ஒருவன், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து முசரவாக்கத்துப் பூவராகவன் இன்னொருவன். வேலை நிலைத்தால் பெண்டாட்டி அம்சவேணியைப் பட்டணத்தில் குடிவைக்கலாம் என்று ராஜவேலு துடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சமயம் பார்த்து, மேனேஜர் வீட்டம்மா மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை வேண்டும் என்று பூவராகவனைக் கேட்டாளாம்.

"எங்க ஊர்ல நெல்லுதாம்மா விளையுது" என்று அவன் ஒதுங்கிவிட்டான். இவன் முந்திக்கொண்டு பணத்தை வாங்கிக்கொண்டான்.

நேராக என்னிடம்தான் ஓடிவந்தான். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு முதலாளிக்கு நான் சரக்கு ஏற்றுகிறவன். என் முகத்துக்காக அவர் நல்ல புடவையாக எடுத்துக் கொடுத்தார். அரக்கு உடல், பச்சை முந்தானை.

வீட்டில் பிரித்துப் பார்த்த ராஜவேலுவுக்கு, உடலும் முந்தானையும் சேரும் இடத்தில் தடித்த கோடு ஒன்று கண்ணில் பட்டது.

"பாத்தியா, ரெண்டு துண்ட ஒட்டி ஏமாத்திட்டான்!"

"அண்ணாத்தேவ ஒரு வார்த்த கேளேன்" என்றாள் அம்சவேணி.

"லாரி ஓட்றவருக்கு இன்னாமே தெரியும்?"

அவள் இதை என்னிடம் வந்து சொன்னபோது, லாரிக்காரனுக்குத் தெரியாததை அவனே தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தக் கோட்டுக்குப் பெட்னி என்று பெயர். உடலின் பாவு நூலையும் முந்தானையின் பாவு நூலையும் இழை இழையாகக் கையால் முறுக்கிச் சேர்த்து நெய்தால் விழுகிற தழும்பு அது. அது இருந்தால்தான் மதிப்பு. காஞ்சிபுரத்தில் புடவை மடிக்கிற பையனுக்கும் இது தெரியும்.

மறுநாள் என்னிடம் சொல்லாமல் கடைக்குப் போனான். முதலாளி இல்லை. கணக்குப்பிள்ளை விளக்கிச் சொல்லப் பார்த்தாராம். "காஞ்சிபுரத்துக்காரன் எனக்கே சொல்லித் தர்றியா?" என்று கத்தி, தலைப்பு வரைக்கும் ஒரே நிறம் ஓடுகிற புடவையாக மாற்றிக்கொண்டு பட்டணம் போனான்.

அங்கே நடந்ததைக் கல்யாண வேலைக்குப் போயிருந்த பூவராகவனே என்னிடம் சொன்னான். கூடத்தில் சொந்தக்காரப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, அந்தம்மா புடவையைப் பிரித்தாள்.

"பெட்னி எங்கேப்பா?"

"மொதல்ல ஒட்டுப் புடவையா குடுத்துட்டாங்கம்மா. சண்ட போட்டு மாத்திக்கினு வந்தேன்."

கூடமே சிரித்தது. "காஞ்சிபுரமா நீ? நெசமாச் சொல்லு" என்றாள் அந்தம்மா.

காமாட்சியம்மன் கோயில், அந்தத் தெரு, இந்தத் தெரு என்று உளறியிருக்கிறான். கடைசியில் ஊர்ப் பெயர் வெளியே வந்தது.

"பருத்திக்காரன்கிட்டப் போய்ப் பட்டு கேட்டோமே!" என்றாள் ஒருத்தி.

மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. "பொறந்த ஊரையே மாத்திச் சொல்றவன், நாளைக்கு என் கணக்குல எதை மாத்துவானோ" என்றாராம்.

பூவராகவன் நிரந்தரமானான். ராஜவேலு டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினான். தெருக்குழாயடியில் நாலு பேர் விசாரித்தோம்.

"பட்டணத்துத் தண்ணி ஒத்துக்கல, அண்ணாத்தே" என்றான்.

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்த அம்சவேணி திரும்பினாள். "தண்ணியா ஒத்துக்கல? எந்த ஊருத் தண்ணின்னும் சேத்துச் சொல்லு. காஞ்சிபுரத்துத் தண்ணியா, பருத்திக்குன்றத்துத் தண்ணியா?"

நான் சிரித்த சிரிப்பு கோயில் மதில்வரை கேட்டிருக்கும்.