விதிநூலில் ஒட்டிய சீட்டுகள்

போர் முடிந்துகொண்டிருந்த அந்த வசந்தத்தில் எனக்கு வீட்டில் இருக்கவும் முடியவில்லை, வெளியே நிற்கவும் முடியவில்லை. தொலைக்காட்சியைப் போட்டால் வன்னி. தொலைபேசியை எடுத்தால் வன்னி. பால் வாங்கப் போனால், மீதிக் காசைத் தருவதற்குள் கடைக்காரர் ஒன்றுக்கொன்று பொருந்தாத மூன்று செய்திகளைச் சொல்லிவிடுவார். சனிக்கிழமைகளில் மட்டும் என் மகளும் அவளுடைய கூட்டாளிகள் இருவரும் சாப்பாட்டு மேசையில் கதை விளையாட்டு விளையாடுவார்கள். நான் அந்த மேசையைச் சுற்றி நடப்பேன். ஓய்வூதியக்காரனுக்கு அதுவும் ஒரு போக்கிடம்.

மகள் கதையை நடத்துவாள். மற்ற இருவருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். பூதத்தை வெட்டுகிறேன், மதிலில் ஏறுகிறேன் என்று வாயால் சொல்லிவிட்டு, பல பக்கங்கள் உள்ள பகடைக் கட்டையை உருட்டுவார்கள். விழுந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதைத் தடித்த விதிநூல்கள் சொல்லும். யாரும் கேட்காமலே அவற்றை முதற்பக்கம் முதல் வாசித்து முடித்தேன். யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் தொடங்கி, ரொறன்ரோவில் மேன்முறையீடுகளைப் பார்க்கும் அலுவலகம் ஒன்றில் முடிந்த என் உத்தியோகத்தில் இவ்வளவு தெளிவான விதிகளை நான் கண்டதில்லை. எழுதியவர்கள் அரசாங்கத்தில் வேலை செய்யாதவர்கள் என்பது உடனே விளங்கியது. நியமனக் கடிதம் இல்லாமலே நான் அந்த மேசையின் விதி அதிகாரியானேன்.

அந்தக் காலத்தில்தான் பதிப்பகத்தாருக்கு நூல் விற்பது போதாது என்று தோன்றியது. மாதச் சந்தா கட்டினால் இணையத்தில் புதிய விதிகள், திருத்தங்கள், பாத்திரங்களை அவர்களுடைய கணினியிலேயே சேமித்து வைக்கும் வசதி எல்லாம் கிடைக்கும் என்றார்கள். தரவிறக்கி வைத்துக்கொள்ளும் பிரதிகளின் விற்பனை நின்றது. விதிகள் மாதாமாதம் மாறத் தொடங்கின. நூலை வாங்கியவன் பழைய சட்டத்துக்குச் சொந்தக்காரன். சந்தா கட்டியவன் புதிய சட்டத்துக்கு வாடகைக்காரன். மகள் சந்தா கட்டினாள்.

நான் என் பழக்கத்தைக் கைவிடவில்லை. ஒவ்வொரு திருத்தத்தையும் அச்செடுத்து, கத்தரித்து, உரிய பக்கத்தில் ஒட்டினேன். திருத்தச் சீட்டை மேல் விளிம்பில் மட்டும் பசை பூசி ஒட்ட வேண்டும். பழைய விதி அடியில் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதன் காலத்தில் நடந்தவற்றை அதைக் கொண்டுதான் பார்க்க வேண்டி வரும். கச்சேரியில் புதிதாகச் சேர்ந்தவனுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுப்பார்கள். மகளுக்கு இது சிரிப்பு.

"அப்பா, புத்தகம் தலகணி மாதிரி வீங்கிப் போச்சு."

விளையாடியவர்களில் ஒருவர் மிசிசாகாவில் குளிரூட்டிகள் திருத்துபவர், மன்னார்ப் பக்கத்து முஸ்லிம், வாய் ஓயாதவர். மற்றவர் பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பாரந்தூக்கி ஓட்டினார். அவருடைய தாய் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். தைப்பொங்கலுக்குப் பிறகு தாயின் குரலை அவர் கேட்கவில்லை. விளையாட்டில் அவருடைய பாத்திரம் ஒரு வைத்தியன்.

ஒரு சனிக்கிழமை, சண்டையின் நடுவில் வைத்தியன் அடிபட்டு விழுந்தான். பிழைப்பானா என்று கட்டை உருட்ட வேண்டிய நேரத்தில், மிசிசாகாக்காரரின் கைபேசியில் செய்தி வந்தது: போரை நிறுத்தச் சொல்லி, நகரத்தின் நடுவே எங்கள் சனம் வீதியில் இறங்கி இருக்கிறது. எல்லோரும் அப்படியே எழுந்து போனோம். எனக்குக் கோஷம் போட வராது. நடைபாதையை மறித்து நின்றவர்களை ஒழுங்காக நிற்க வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமைக்கு முன் போர் முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள். அதன் பிறகு ஒரு சனிக்கிழமை மூவரும் மறுபடி மேசைக்கு வந்தார்கள். பிறம்ரன்காரருக்குத் தாயைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மகள் மடிக்கணினியைத் திறந்தாள்.

"அப்பா, அவங்கள் ரூலை மாத்திட்டாங்கள். விழுந்த ஆளுக்கு முந்தி மூண்டு தரம் உருட்டலாம். இனி ஒரே சான்ஸ். அது தவறினா ஆள் முடிஞ்சுது."

"ஓம், பார்த்தனான். எப்ப மாத்தினவை எண்டு சொல்லு."

"போன கிழமை."

"உவரின்ர வைத்தியன் விழுந்தது அதுக்கு முதல். நிலுவையில இருக்கிற விசயத்தில புதுச் சட்டம் பின்னுக்குப் பாயாது."

"இது சுப்ரீம் கோர்ட் இல்லை அப்பா. கேம்."

"அங்கிள்," என்றார் மிசிசாகாக்காரர், "அந்தப் பூதத்துக்கும் ஒரு லோயர் பிடிப்பமோ?"

நான் நூலைத் திறந்து, முந்திய நாள் ஒட்டிய சீட்டைத் தூக்கிக் காட்டினேன். பழைய விதி அடியில் முழுதாக இருந்தது. இணையத்தளத்தில் அது இல்லை, தேடிப் பார்த்திருந்தேன். முந்திய வாசகத்தின் பிரதி ஒன்று வேண்டும் என்று பதிப்பகத்துக்கும் எழுதியிருந்தேன். தொடர்புகொண்டதற்கு நன்றி, உங்கள் சந்தா நடைமுறையில் உள்ளது என்று பதில் வந்தது.

"மூண்டு தரம்," என்று தீர்ப்புச் சொன்னேன். "உருட்டும் தம்பி."

பிறம்ரன்காரர் கட்டையைக் கையில் எடுத்தார். உருட்டவில்லை.

"அங்கிள், ஒண்டு கேக்கிறன். உருட்டாட்டி?"

"உருட்டாட்டி என்ன?"

"உருட்டுற வரைக்கும் அவன் சாகேல்லைத்தானே?"

விசாரணையைத் தள்ளிப்போடத் தவணை கேட்டு வருபவர்களைக் கண்டால் எனக்கு உத்தியோக காலம் முழுவதும் எரிச்சல். கோப்பு என்றால் மூடப்பட வேண்டும்.

"சாகேல்லை," என்றேன். "திகதி குறிக்காமல் ஒத்திவைக்கிறன்."

கணினி ஒப்புக்கொள்ளவில்லை. பிழைத்தானா, செத்தானா என்று இரண்டு பொத்தான்களை மட்டும் காட்டி, ஒன்றை அழுத்தினால்தான் மேலே போகலாம் என்று அடம்பிடித்தது. மகள் மடிக்கணினியை மூடிவிட்டுப் பென்சிலை எடுத்தாள். அன்றிலிருந்து விளையாட்டு நூலையும் தாளையும் வைத்து நடந்தது. சந்தா மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது.

பிறம்ரன்காரர் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். அவருக்கு விளையாட ஒன்றும் இல்லை. தேநீரை ஆறவிட்டுக்கொண்டு மற்றவர் விளையாடுவதைப் பார்ப்பார். வைத்தியனை மிசிசாகாக்காரரின் பாத்திரம் காடு மலையெல்லாம் சுமந்தது.

"உங்கட டொக்டரைத் தூக்கித் தூக்கி என்ர ஆளுக்கு முதுகு போயிட்டுது. அடுத்த முறை மெலிஞ்ச ஆளாப் பார்த்து விளையாடுங்க."

நான் மேசையைச் சுற்றி நடந்தேன். நாளுக்கு நாலு தரம் கதவுவரை போய்த் தபால் பார்த்தேன். எனக்கு வர வேண்டிய தபால் ஒன்றும் இருக்கவில்லை.

கோடை நடுவில் ஒரு சனிக்கிழமை பிறம்ரன்காரர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மேசைக்கு வந்தார்.

"அங்கிள், இண்டைக்கு உருட்டுவம்."

"செய்தி வந்ததா அண்ணா?" என்று மகள் கேட்டாள்.

"ஓம். பக்கத்து வீட்டு அன்ரி முகாமில இருக்கிறா. ஆரோ ஒராளின்ர போன் வாங்கிக் கதைச்சவ. அம்மா இல்லை. ஷெல் குண்டு விழுந்ததாம். சித்திரைக்கு முதலே."

சித்திரைக்கு முதல் என்றால், வைத்தியன் விழுவதற்கும் முதல்.

"இண்டைக்கே வேணுமெண்டில்லைத் தம்பி," என்றேன். "தவணை இருக்கு."

"வேண்டாம் அங்கிள். தவணை எடுத்தது காணும்."

உருட்டினார். கட்டை மேசையின் குறுக்கே ஓடி, தேநீர்க் கோப்பையில் முட்டி நின்றது. முதல் எறியே நல்ல எண். பழைய விதியின்படியும் வைத்தியன் பிழைத்தான். புதிய விதியின்படியும் பிழைத்தான். என் தீர்ப்பு ஒன்றையும் மாற்றவில்லை.

"எழும்பீட்டான்," என்றார் அவர். கட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "இப்ப ஆரின்ர முறை?"

பதில் சொல்ல வேண்டியவள் என் மகள். அவள் முகத்தைக் குசினிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் விளையாடுகிறவன் அல்ல, ஆனால் வரிசை எனக்குத் தெரியும்.

"உம்மட முறைதான் தம்பி," என்றேன்.