காளீஸ்வரிக்கு நர்சிங் காலேஜ் பார்த்த கதை

ஓசூருக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் எனக்குப் பழகாத ஒன்று உண்டு. காலையிலிருந்து சாயங்காலம் வரை ரோஜாப்பூ வெட்டுகிறோம், ஒரு பூவையும் தலையில் வைக்க முடியாது. பேரிகைப் பக்கம் பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸில் வேலை. பூ விரிவதற்கு முன்னால், மொட்டாக இருக்கும்போதே, ஒரு முழக் காம்போடு வெட்டி, முள்ளை உருவி, கட்டுக் கட்டாக அட்டைப்பெட்டியில் அடுக்குவோம். அது ஏரோப்ளேனில் போகுமாம். வாசம் கிடையாது. வேலை முடிந்து மத்திகிரியில் பஸ்ஸை விட்டு இறங்கினதும், தங்கச்சி மகளுக்கு மல்லிகையைக் காசு கொடுத்து வாங்கிப் போவேன். அருப்புக்கோட்டைப் பக்கம் இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆனால் ஊரிலிருந்து போன் போடுகிறவர்கள் பூவைப் பற்றியா கேட்கிறார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து ஒரே கேள்விதான். "அக்கா, நீங்க பெங்களூர் பக்கத்துலதான இருக்கீங்க, நல்ல நர்சிங் காலேஜா ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க." நான் ஐந்தாவது வரை படித்தவள். பஸ் போர்டு வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். இதையும் என் கையால்தான் எழுதுகிறேன், பிழையை மட்டும் லீவுக்கு வந்த தங்கச்சி மகள் திருத்தினாள். ஆளாளுக்குப் போனில் சொல்லி வாய் வலித்துப்போனதால், நம் ஊர்க்காரர் சங்கத்து மலரில் ஒரே தடவையாகச் சொல்லிவிடுகிறேன். இதற்குப் பிறகு யாரும் என்னிடம் கேட்கக் கூடாது.

சிப்காட்டில் கம்பெனிகள் வர ஆரம்பித்த காலத்தில் என் வீட்டுக்காரர் என்னைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தார். ஊரில் நான் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். கரிசல் காடு, மழை இல்லை. இங்கே வந்தால் மழையும் உண்டு, குளிரும் உண்டு, பேச்சுத்தான் இல்லை. வீட்டுக்காரம்மா தெலுங்கு, பால்காரர் கன்னடம், கடைக்காரர் மூன்றும் பேசுவார். அவர் பேசுகிற தமிழும் எனக்குப் பாதிதான் விளங்கும். யார் கேட்டாலும் "மதுரைப் பக்கம் எங்க ஊரு" என்று தலை நிமிர்ந்து சொல்வேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகும் நான் திரும்பிப் போகவில்லை. பின்னாலேயே என் தங்கச்சி முத்துலட்சுமியும் அவள் வீட்டுக்காரர் பாண்டியும் வந்துவிட்டார்கள். அவருக்கு லேத்து வேலை, அவளுக்குத் துணிக் கம்பெனியில் தையல். இரண்டு பேருக்கும் ஷிப்ட். அதனால் அவர்கள் மகள் காளீஸ்வரி என்னிடம்தான் வளர்ந்தாள். எனக்குப் பிள்ளை இல்லை. அவள்தான் எல்லாம்.

அவள் பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப் எடுத்து நல்ல மார்க் வாங்கினாள். நர்சிங்தான் படிப்பேன் என்றாள். சரி என்று காலேஜ் தேடக் கிளம்பினோம். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. வழவழ தாளில் புத்தகம் புத்தகமாக வந்தது. எல்லாவற்றிலும் கண்ணாடிக் கட்டடம், வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண்பிள்ளைகள், ஒரு மைக்ராஸ்கோப். நாலு வருஷம் படித்தால் பி.எஸ்ஸி., அது டிகிரி. மூன்றரை வருஷம் படித்தால் ஜி.என்.எம்., அது டிப்ளமோ. இதைப் புரிந்துகொள்வதற்கே எங்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று. கவுன்சில் அனுமதி இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டால், இருக்கிறது என்பார்கள். எந்தக் கவுன்சில் என்று கேட்டால், எல்லாக் கவுன்சிலும் என்பார்கள். கர்நாடகாவில் படித்தால் இங்கே வேலை தருவார்களா என்று கேட்டால் லைன் கட்டாகிவிடும்.

பெரியாஸ்பத்திரியில் எனக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது பழக்கமான ஒரு நர்சம்மா உண்டு. அவரிடம் போய்க் கேட்டேன். "டிகிரி டிகிரின்னு ஏம்மா ஓடுறீங்கோ? கவர்மெண்ட் ஸ்கூல்ல டிப்ளமோவுக்கு அப்ளிகேஷன் போடுங்க. முடிச்சிட்டு மேல ரெண்டு வருஷம் படிச்சா டிகிரியும் ஆயிடும்" என்றார். அப்ளிகேஷன் போட்டோம். ஆனால் லிஸ்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. பாண்டிக்கோ டிப்ளமோ என்ற சொல்லே பிடிக்கவில்லை. "லேத்துல நிக்கிற எனக்கு டிப்ளமோ படிச்சவன்தான் சூப்பர்வைசர், அவனுக்கு டிகிரி படிச்சவன் சூப்பர்வைசர். என் மக மேல போகணும் மதினி" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

அந்த நேரத்தில்தான் நம் ஊர்க்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். காலேஜில் பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிற வேலை. நம் பக்கத்துப் பேச்சு, நெற்றியில் திருநீறு, வாய் நிறைய "அக்கா, அக்கா". வேறு யாராவது வந்திருந்தால் ஆயிரம் கேட்டிருப்போம். ஊர்க்காரர் என்பதால் டீ போட்டுக் கொடுத்தோம். கர்நாடகாவுக்குள், அத்திப்பள்ளி தாண்டி ஒரு காலேஜ், பி.எஸ்ஸி. சீட், சொந்த ஆஸ்பத்திரி உள்ள காலேஜ், சர்ட்டிபிகேட் ஒரிஜினலைக் கொண்டுவந்தால் அன்றைக்கே அட்மிஷன் என்றார்.

நாங்கள் நாலு பேரும் ஊர்க்காரரோடு பஸ் ஏறினோம். செக்போஸ்ட் தாண்டி இறங்கி, ஆட்டோவில் போனால் புத்தகத்தில் பார்த்த அதே கண்ணாடிக் கட்டடம். அதற்குப் பின்னால் ஆஸ்பத்திரி. ஆபீஸ்காரர் ஒருவர் வார்டைச் சுற்றிக் காட்டக் கூட்டிப் போனார். இரண்டு பக்கமும் கட்டில் வரிசை, மடிப்புக் கலையாத விரிப்பு. ஒரு கட்டிலிலும் ஆள் இல்லை. "இவத்து எல்லாரும் டிஸ்சார்ஜ் ஆயித்து" என்றார். இன்றைக்கு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்களாம். நான் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். கையில் விளக்கு பிடித்த ஒரு நர்சம்மாவைப் பெயிண்டில் வரைந்திருந்தார்கள். வரைந்தவன் கணக்குத் தப்பி, விளக்குப் பிடித்த கையில் ஆறு விரல் போட்டிருந்தான். எனக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது. அந்த ஆறு விரலை நான் ஏற்கெனவே எண்ணியிருக்கிறேன், எதிரே இருக்கும் கட்டிலில் படுத்துக்கொண்டு.

அது இரண்டு வருஷத்துக்கு முன்னால். பாலிஹவுஸ் வேன் காலையில் எங்களை ஏற்றிக்கொண்டு பேரிகைக்குப் போகாமல் வேறு ரோட்டில் திரும்பியது. மேஸ்திரி வெங்கடப்பா பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் சொன்னது இதுதான்: இன்றைக்குப் பூ வேலை இல்லை, ஆஸ்பத்திரிக் கேம்ப், கூலி உண்டு, சாப்பாடும் உண்டு. எனக்கு அப்போது ஒரு கண்ணில் புரை. கேம்ப் என்றால் கண் கேம்ப்தான் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். டாக்டரிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அங்கே பின்வாசல் வழியாக இறக்கி, பச்சைக் கவுனை மாட்டச் சொல்லி, ஆளுக்கு ஒரு கட்டிலைக் காட்டினார்கள். கண்ணைப் பார்க்க யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கல்லாவி ஊர்ப் பக்கத்துப் பிள்ளை, இரண்டாம் வருஷம் நர்சிங் படிக்கிறவள், என் கட்டில் காலில் தொங்கின அட்டையைப் படித்துவிட்டுக் குனிந்து சொன்னாள்.

"அம்மா, உங்களுக்குக் குடல்வால் ஆபரேசன் ஆயி மூணு நாள் ஆவுது."

"எனக்கா? யாரு தாயி சொன்னது?"

"அட்டையில இருக்குதும்மா. இன்னைக்கி இன்ஸ்பெக்சன், நோயாளிங்க இருந்தாத்தான் காலேஜுக்கு அனுமதி. கேட்டாங்கன்னா வலது பக்கம் கைய வெச்சிக்குங்க."

பக்கத்துக் கட்டிலில் கிடந்த, பாலிஹவுஸில் என்னோடு பூ வெட்டும் நரசம்மா, "அக்கா, எனக்கு என்ன வியாதின்னு கேட்டுச் சொல்லு, வீட்ல போய்ச் சொல்லணும்" என்றாள். சிரித்தோம். அந்தப் பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. "கைய குடுங்கம்மா, பி.பி. பாத்துக்கறேன். நாங்க ஒருத்தர் கையில ஒருத்தர்தான் கட்டிப் பாக்கறோம். வயசானவங்க கையில பாத்ததே இல்ல" என்றாள். கொடுத்தேன். அவள் பார்த்து முடித்ததும் இன்னொருத்தி வந்தாள். பிறகு இன்னொருத்தி. ஏழு பிள்ளைகள் என் கையில் பட்டையைச் சுற்றிச் சுற்றி அமுக்கினார்கள். ஏழு பேரும் ஏழு கணக்குச் சொன்னார்கள். கை கன்றிப்போனது. அந்தப் பிள்ளைகள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து இன்னொரு கையையும் நீட்டினேன்.

இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அம்மா அட்டையைப் பார்த்தார். "நோவு இதெயா?" என்று, வலி இருக்கிறதா எனக் கன்னடத்தில் கேட்டார். நான் வலது பக்கம் கையை வைத்துத் தலையை ஆட்டினேன். எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் நான் தூங்கிவிட்டேன். இதை மறைக்க விரும்பவில்லை. பகலில், பேன் காற்றில், மெத்தையில் நான் படுத்தது அன்றைக்குத்தான். நன்றாகத் தூங்கினேன். அதுதான் எனக்கு வெட்கம். வீட்டில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

ஆபீஸ் மேஜையில் பாண்டி ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அதைக் கொடுத்துவிட்டால் நாலு வருஷத்துக்குத் திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நான் பைலை மூடி என் இடுப்பில் வைத்துக்கொண்டு, "வேண்டாம், கிளம்புங்க" என்றேன். ஏன் என்று கேட்டார்கள். அத்தனை பேர் முன்னால் சொல்லக்கூடிய கதையா அது? நடந்துவிட்டேன். ஊர்க்காரர் பின்னாலேயே வந்து, "படிக்காதவங்களைக் கூட்டிட்டு வந்தா இப்படித்தான்" என்று பாண்டியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் பாண்டி கொதித்துவிட்டார். "மதினி, இந்தப் புள்ள வாழ்க்கைய நீங்க இடுப்புல வச்சிக்கிட்டு நடந்தா என்ன அர்த்தம்? உங்களுக்கு என்ன தெரியும்?"

"அந்த ஆஸ்பத்திரியில நோயாளி கிடையாது, தம்பி. அது எனக்குத் தெரியும். ஏன்னா நான்தான் நோயாளி" என்று சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன்.

முத்துலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பா அழுகையா தெரியவில்லை. பாண்டியோ, "எல்லாக் காலேஜும் இப்படித்தான் இருக்கும். இதெல்லாம் பார்த்தா எங்கயும் படிக்க முடியாது" என்றார். நான் எதிர்பார்த்தது காளீஸ்வரியைத்தான். பெரியம்மா என்னைக் காப்பாற்றினீர்கள் என்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப அந்தக் காலேஜுக்கு அனுமதி வாங்கிக் குடுத்ததே நீங்கதானா பெரியம்மா?"

"நான் ஒருத்தி மட்டுமா படுத்தேன், முப்பது பேரு படுத்தோம்" என்றேன்.

"அந்தக் கல்லாவி அக்காவுக்கு இப்ப நாலாவது வருசம். இன்னும் ஒரு நோயாளியப் பாத்திருக்க மாட்டாங்க" என்றாள். எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் என் கையால் சாப்பாடு வாங்கவில்லை.

டிகிரிக்கு வேறு காலேஜ் பார்க்கக் கிளம்பினோம். இந்தத் தடவை புத்தகத்தை யாரும் திறக்கவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், வெளிநோயாளி சீட்டு வாங்குகிற இடத்தில் நான் உட்கார்ந்துகொள்வேன். ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்ப்பேன். ஒரு இடத்தில் வாட்ச்மேன் என்னிடம் வந்து, "யாரைப் பாக்கோணும்?" என்றான். நோயாளியைப் பார்க்க வேண்டும் என்றேன். எந்த நோயாளி என்றான். யாராவது ஒருத்தர் இருந்தால் போதும் என்றேன். பைத்தியம் என்று நினைத்து கேட்டைச் சாத்திவிட்டான். நல்ல இடம் ஒன்றிரண்டு இருந்தது. அங்கே எங்களுக்கு இடம் இல்லை.

கடைசியில் கவர்மெண்ட் லிஸ்ட் வந்தது. காளீஸ்வரி பெயர் இருந்தது. ஜி.என்.எம்., டிப்ளமோதான். இடம் கிடைத்தது எங்கே தெரியுமா, தெற்கே, எங்கள் ஜில்லாப் பக்கம். பாண்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "வெறும் டிப்ளமோவா" என்று இன்றைக்கும் சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும். நானும் முத்துலட்சுமியும்தான் சேர்க்கப் போனோம். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலில் இரண்டு பேர், கட்டிலுக்கு அடியில் ஒருத்தர், வராண்டாவில் பாய் போட்டுப் பத்துப் பேர். மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தாள் முத்துலட்சுமி. எனக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே படுப்பதற்கு யாரையும் வேனில் ஏற்றி வர வேண்டாம்.

காளீஸ்வரிதான் அழுதாள். "இந்த ஊர்ல எனக்கு யாரைத் தெரியும்?" என்றாள். "இதுதான்டி நம்ம ஊரு" என்றேன். ஹாஸ்டல் வார்டன் அம்மா அப்படியே என் பேச்சில் பேசினார், கேட்கவே சுகமாக இருந்தது. பாரத்தை நீட்டி, "உள்ளூர்ப் பாதுகாவலர்னு ஒருத்தர் வேணும்த்தா. புள்ளைக்கு ஒண்ணுன்னா ஓடி வர்ற மாதிரி, லீவு நாளைக்கு அனுப்பி வைக்கிற மாதிரி ஒரு வீடு" என்றார். இதென்ன பெரிய விஷயம் என்று என் அண்ணன் வீட்டைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது, அவர்கள் வீட்டை விற்றுவிட்டுத் திருப்பூர் போய் வெகு காலம் ஆயிற்று. சித்தி மகளைச் சொன்னேன். "அவ செத்துட்டாளேக்கா, போன் வந்துச்சே" என்றாள் முத்துலட்சுமி. என் வீட்டுக்காரர் வழியில் ஒரு கொழுந்தனார் உண்டு. அவர் மகன் பெயர் எனக்குத் தெரியவில்லை. வார்டன் அம்மா பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். "சொந்த ஊருங்குறீங்க, சொல்றதுக்கு ஒரு வீடு இல்லையா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை.

"என் பேரை எழுதுங்க. நான் இந்த ஊர்க்காரிதான்" என்றேன்.

"அட்ரஸ்?"

"மத்திகிரி. ஓசூர்."

பின்னால் வரிசையில் நிறையப் பேர் நின்றார்கள். என் பெயரையும் மத்திகிரி விலாசத்தையும் எழுதிவிட்டு, அச்சில் இருந்த "உள்ளூர்" என்ற எழுத்தின் மேல் மட்டும் ஒரு கோடு போட்டு அடித்து, சீல் குத்தி, அதன் கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.