உள்ளேன் அக்கா!

போன வருஷம் பிளஸ் டூ தேர்வு முடிந்த கோடை விடுமுறை. புதுச்சேரியில், சாரத்திலிருந்து தினமும் சைக்கிள் மிதித்து, மேட்டுப்பாளையத்தில் ஒரு சோப்புக் கம்பெனிக்குப் பயிற்சிக்குப் போனேன். உதவித்தொகையோடு கூடிய அந்தப் பயிற்சிக்கு எங்கள் அரசுப் பள்ளியிலிருந்து தேர்வானது நான் ஒருத்திதான். வழிகாட்டி வகுப்பு எடுத்த டீச்சர், "நீ ஒழுங்கா முடிச்சாதான் அடுத்த வருஷம் நம்ம பொண்ணுங்கள எடுப்பாங்க" என்று சொல்லி அனுப்பினார்.

முதல் நாள் மீட்டிங்கில், என்னை அறிமுகம் செய்ய மேனேஜர் என் பெயரைச் சொன்னார். பன்னிரண்டு வருஷப் பழக்கம். விறைப்பாக எழுந்து, "உள்ளேன் ஐயா!" என்றேன். ஹாலே சிரித்தது. அன்றிலிருந்து என் பெயரே அதுதான். ஆரம்பித்து வைத்தது பேக்கிங் பிரிவு அக்கா. "இன்னா உள்ளேன், இன்னிக்கி லேட்டா?"

பள்ளி வழிகாட்டி வகுப்பில் பயோடேட்டா எழுதவும், கண்ணைப் பார்த்துப் பேசவும் கற்றுக்கொடுத்தார்கள். பேச ஆளே இல்லாவிட்டால் என்ன செய்வதென்று சொல்லித்தரவில்லை. டீ மணி அடித்தால் எல்லோரும் கும்பலாகப் போவார்கள். நான் ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமில் லேபிள் கட்டுகளை அடுக்குவேன், அடுக்கியதையே திரும்ப அடுக்குவேன்.

இரண்டாவது வாரம், வெள்ளிக்கிழமை. மறுநாளோடு நின்றுவிடுவதென்று முடிவெடுத்திருந்தேன். டீச்சரிடம் என்ன சொல்வது என்பதுதான் யோசனை. மணி அடித்தது. டீ மணிதானே என்று இருந்துவிட்டேன். நீளமாக அடிக்கிறதே என்று தோன்றியபோது கதவுக்கு அடியில் புகை வந்தது. அடுத்த நொடி மின்சாரமும் போய்விட்டது. யாரைக் கூப்பிடுவது? எனக்கு அங்கே ஒருவர் பெயரும் தெரியாது.

"ஏ உள்ளேன்! எங்கடி இருக்க?"

"உள்ளேன் அக்கா!"

அந்தச் சத்தத்தை வைத்துத்தான் இருட்டுக்குள் வந்து என் கையைப் பிடித்து இழுத்துப் போனார் பேக்கிங் அக்கா. மெஷின் வயர் கருகியிருந்தது, பெரிய சேதமில்லை. வெளியே சூப்பர்வைசர் பெயர்களைக் கூப்பிட்டு முடித்து, எல்லோரும் வந்தாயிற்று என்று சொல்லிவிட்டாராம். பயிற்சிக்கு வந்தவள் பெயர் பட்டியலில் ஏறவே இல்லை.

"இன்னா சார் லிஸ்ட்டு இது? டீக்கே வராத பொண்ணு ஸ்டோர்லதான இருக்கும்னு நான் ஓடுனேன்" என்று அவர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினார் அக்கா. நான் டீக்குப் போகாததை ஒருவர் கவனித்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எழுதப் போனவர் நிமிர்ந்து, "ஆமா, ஒன் பேரு இன்னாடி?" என்றார். சொன்னேன். தப்பாக எழுதினார். நான் திருத்தவில்லை.

பயிற்சியை முடித்தேன். இந்த வருஷம் எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு பேர் போயிருக்கிறார்கள். நான் கல்லூரியில், தெரியாத முகங்களுக்கு நடுவே, பெயர் கூப்பிட்டால் 'பிரசன்ட்' என்கிறேன். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டு இருட்டுக்குள் யாராவது தேடி வருவார்கள் என்ற நம்பிக்கை இன்னும் வரவில்லை.